பூத்த காம்பு

எங்கள் வீட்டு வராந்தாவின் கிழக்கு மூலையில் ஒரு கொடி தொங்குகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக் கொடி என்றே எண்ணுவார்கள். விரலால் இலையை அழுத்திப் பார்த்து, "உயிருள்ளதுதானா?" என்று கேட்பவர்களும் உண்டு. தடித்த, மினுமினுப்பான இலைகள். அவற்றின்மேல் வெள்ளியைத் தெளித்தாற்போல் ஆங்காங்கே புள்ளிகள். பூத்துவிட்டாலோ ஐயம் இன்னும் வலுக்கும். ஒரே காம்பின் நுனியில் இருபது, முப்பது சிறு விண்மீன்கள் கூடி அரைப்பந்து போல் கவிழ்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் மெழுகில் வார்த்தது போலிருக்கும். இளஞ்சிவப்பு கலந்த வெண்மை. அதன் நடுவே செந்நிறத்தில் இன்னொரு குட்டி விண்மீன். மெழுகுப்பூ என்று இதைச் சொல்வார்கள். நாற்றுப்பண்ணைகளில் ஹோயா என்று கேட்டால் தெரியும்.

இந்தக் கொடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் அக்கா. துறவற சபையொன்றில் சேர்ந்து, நீலகிரியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 2009ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப்பின் விடுமுறையில் வந்தபோது, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாண் தண்டை என் மனைவியின் கையில் கொடுத்தார். "இரண்டு கணு இருக்கிறது. அது போதும்" என்றார். மலையிலிருந்து ஏதோ பழமோ காயோ வந்திருக்கிறது என்று காத்திருந்த எனக்குச் சிறிது ஏமாற்றந்தான்.

கணுவைப் பற்றி அவர் சொன்னதன் பொருள் பின்னரே விளங்கிற்று. இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொடியின் இலை இதய வடிவில் இருக்கும். அந்த ஒற்றை இலையை மட்டும் சிறு தொட்டியில் ஊன்றி, பிப்ரவரி மாதத்தில் அன்பளிப்பாக விற்கிறார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒன்று வந்தது. அந்த இலைக்கு வேர் பிடித்தது. பசுமை மாறாமல் நான்காண்டுகள் இருந்தது. ஆனால் இரண்டாவது இலை வரவேயில்லை. கொடியின் கணுவிலிருந்து சிறு துணுக்காவது ஒட்டியிராத இலை, வேர்விட்டு உயிரோடு இருக்கும், தளிர்க்காது. திராட்சைக் கொடியையும் கிளைகளையும் பற்றி ஆண்டவர் சொன்னதைக் கேட்டிருக்கும் நமக்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை. ஆனாலும் நான்காண்டுகள் பசுமையாகவே இருந்த அந்த இலையைப் பார்க்கையில் எனக்கு எப்போதும் ஒரு கலக்கம் வரும்.

என் மனைவி தண்டை நட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. தேங்காய்க் கதம்பையைச் சிறு துண்டுகளாக நறுக்கினாள். அதனோடு அடுப்புக்கரியை உடைத்துப் போட்டு, ஒரு கை மக்கிய இலையைக் கலந்து, கையகலத் தொட்டி ஒன்றில் நிரப்பினாள். வாழையும் மரச்சீனியும் வைத்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன் நான். மண்ணில்லாமல் செடியா என்று கேட்டேன். காட்டில் இது மண்ணில் வளர்வதில்லை, மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, பட்டையின் இடுக்குகளில் சேரும் சருகிலும் ஈரத்திலும் வாழ்கிறது என்று அக்கா விளக்கினார். மரத்தைப் பற்றி வாழுமே அன்றி, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. ஒட்டுண்ணி வேறு, தொற்றிப் படர்வது வேறு. முப்பதாண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நான் இந்த வேறுபாட்டை என் வீட்டு வராந்தாவில்தான் கற்றேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த கொடியின் பூர்வீகம் தென்சீனம், தைவான், ஜப்பானின் தென்தீவுகள் போன்ற இடங்கள். ஆனால் அதன் உறவினர்கள் நமக்கு அந்நியர் அல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல ஹோயாக்கள் தாமாகவே வளர்கின்றன. அவற்றுள் ஒன்றை 1970களின் பிற்பகுதியில் தாவரவியலார் புதிய இனமாக விவரித்தபோது, அதற்கு நம் மாவட்டத்தின் பெயரையே வைத்தார்கள்: ஹோயா கன்னியாகுமரியானா. இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை என்னவென்பது! உடனே மலைக்குப் போய் ஒரு துண்டு கொண்டுவரலாமே என்ற ஆசையும் வந்தது. அது நம் மலையில் மட்டுமே பிழைத்திருக்கும் வகைகளுள் ஒன்று என்பதால், ஆசையை அடக்கிக்கொண்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள நாற்றுப்பண்ணைக் கொடியே போதும்.

ஹோயா என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து பிரபுவின் சையன் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்தவர் தாமஸ் ஹோய் என்னும் தோட்டக்காரர். அவரை மதிக்கும் பொருட்டு, தாவரவியலார் ராபர்ட் பிரவுன் 1810இல் இந்த இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். செடிகளுக்குப் பிரபுக்களின் பெயர்களும் ஆளுநர்களின் பெயர்களும் வழங்கப்பட்ட காலம் அது. மாளிகையின் உரிமையாளரை விடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றியவரின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. உயிர்த்த ஆண்டவரையே மகதலா மரியா தோட்டக்காரர் என்றல்லவா முதலில் எண்ணினார்!

கொடியின் நுனியைக் கிள்ளினால் பால் வடியும். இது நம் ஊர் எருக்கின் குடும்பம். எருக்கம்பூவையும் மெழுகுப்பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும்; அதே ஐந்து இதழ், நடுவில் அதே முடி. எருக்கில் அடையாய் மொய்க்கும் மஞ்சள் அசுவினி இதன் தளிரையும் தேடி வரும். கூடவே மாவுப்பூச்சியும் கணுக்களில் பஞ்சு போல் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுப்பதே எங்கள் வீட்டு வைத்தியம். பால் வடிவது எங்கள் பகுதியில் யாருக்கும் புதுமையன்று. குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் கத்தியோடு போகிறவர்களையும், மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டுச் சொட்டாய் நிறையும் பாலையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பால்வெட்டு கற்றுக்கொள்பவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்றுண்டு. பட்டையை மட்டும் சீவு. கத்தி மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாய் ஆறும். பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது.

இந்தக் கொடியை வளர்ப்பது எளிது என்பார்கள். எளிதுதான், சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்கு. எனக்கு அது தெரியாது. இரண்டாம் ஆண்டில், பாவம் சிறு தொட்டியில் நெருக்குண்டு கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, பெரிய தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் சாணமும் இட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி மழை வந்தது. ஒரு மாதத்துக்குள் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் விழுந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுதும் கறுத்து அழுகியிருந்தது. நல்லவேளையாக நுனியில் ஒரு முழம் உயிரோடு இருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை வெட்டி, மீண்டும் கதம்பையும் கரியும் நிரப்பிய சிறு தொட்டியில் வைத்தாள். வேர் நெருக்குண்டு இருப்பதே இதற்கு இதமாம். நெருக்கமுள்ள தொட்டியில்தான் பூக்கவும் செய்யுமாம். தண்ணீரும் அப்படியே. மேலே காய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். இலை கெட்டியாக நின்றால் தாகமில்லை; சற்றே துவண்டு சுருக்கம் விழுந்தால் ஊற்றலாம். காலை இளவெயில் படவேண்டும், உச்சிவெயில் ஆகாது. மொட்டு கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்றவோ திருப்பவோ கூடாது, மொட்டுகள் உதிர்ந்துவிடும்.

2013ஆம் ஆண்டு மே மாதம் முதல் பூ வந்தது. மாலையில் குடும்ப செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மறைபொருளில் இருக்கும்போது, தேனும் பாலும் கலந்து காய்ச்சியது போன்ற ஒரு மணம் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தது. பகலில் இதன் மணம் அவ்வளவு தெரியாது. இருட்டிய பிறகுதான் வீட்டை நிறைக்கும். செபம் முடிந்ததும் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு சொட்டுத் தேன் கண்ணாடி மணிபோல் நின்றது. என் இளைய மகன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, பூக்களை எண்ணத் தொடங்கினான். இருபத்தேழு என்றான்.

அவன் அப்போது விடுமுறையில் வந்திருந்தான். 2008இல், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இளங்குருமடத்தில் சேர்ந்தவன். அவனை அனுப்பிவைத்த ஞாயிறன்று, பங்கு முழுவதும் திரண்டு வந்து வாழ்த்தியது. எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு கன்னியர் உண்டு. குரு ஒருவர் உருவாகப் போகிறார் என்று பலரும் என் கையைப் பற்றிச் சொன்னார்கள். அதன்பின் ஆறாண்டுகள், நான் ஞாயிறு திருப்பலிக்கு இரண்டாம் பெஞ்சில் அமர்ந்தேன். எனக்கு அங்கே இடம் உண்டு என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். மெய்யியல் படிப்பு முடிந்திருந்தது. இந்த அழைத்தல் தனக்குரியதன்று என்று தெளிவாகிவிட்டதாகவும், தன்னை உருவாக்கிய தந்தையரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டே வந்ததாகவும் சொன்னான். அவர்கள் அவனை ஆசீர்வதித்து அனுப்பியிருந்தார்கள். ஆசீர்வதிக்காதவன் நான் ஒருவன்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசாமலிருந்தேன். ஞாயிறன்று தூணுக்குப் பின்னாலிருந்த கடைசிப் பெஞ்சுக்குப் போனேன். யாரேனும் "மகன் வந்திருக்கிறாரோ?" என்று கேட்டால், "ம்" என்று சொல்லி நடையை விரைவாக்கினேன். திரும்பி வந்த பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி நாம் கோவில் முற்றத்தில் தாழ்ந்த குரலில் பேசும் பேச்சையும் நாம் அறிவோம். அந்தப் பேச்சுக்கு நானும் பல ஆண்டுகள் காது கொடுத்தவன். இப்போது என் வீட்டைப் பற்றியும் அப்படிப் பேசுவார்கள் என்ற அச்சம் என்னைத் தின்றது.

அந்த மாதங்களில் கொடியைக் கவனித்தவன் அவன்தான். காலையில் எழுந்து திருப்பலிக்குப் போய்வந்ததும், ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பான். அந்த ஆண்டு ஐந்து கொத்துகள் பூத்தன. ஆகஸ்டு மாதத்தில் பூக்கள் உதிர்ந்து, ஐந்து வெற்றுக் குச்சிகள் கொடியில் நீட்டிக்கொண்டு நின்றன. பழுப்பேறிய, விரற்கடை நீளக் குச்சிகள். பார்க்க அழகாயில்லை. ஒரு நாள் மாலை, கத்தரிக்கோலை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டத் தொடங்கினேன். பால் வடிந்து தரையில் சொட்டியது. காய்ந்த குச்சியில் பால் ஏன் வரவேண்டும் என்று ஒரு கணம் நின்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

வராந்தாப் படியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, அதை விட்டிருக்கலாமே" என்றான் மெல்ல.

"முடிந்துபோனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றேன்.

அவன் முகம் மாறியது. புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனான். நான் குச்சியைச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவும், அதன்பின் பல இரவுகளும் அதையே சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதெல்லாம் கோபம், பொறுமையின்மை என்று பொதுப்பட அறிக்கையிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எந்தக் குருவிடமும் சொன்னதில்லை. அது செடியைப் பற்றிய பேச்சுத்தானே!

மறு ஆண்டு கொடி பூக்கவில்லை. மே மாதம் விடுமுறைக்கு வந்த அக்கா, கொடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலிருந்த பூக்காம்புகள் எங்கே?" என்று கேட்டார். பூத்து முடிந்ததால் வெட்டிவிட்டேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: இந்தக் கொடி ஆண்டுதோறும் புதுக் காம்பு விட்டுப் பூப்பதன்று. ஒருமுறை பூத்த அதே காம்பின் நுனியில்தான் மறுமுறையும் மொட்டுக் கட்டும். ஒவ்வொரு முறை பூத்த பிறகும் காம்பு சிறிதளவு நீளும். பூக்கள் உதிர்ந்த தழும்புகள் அதில் வரிவரியாக நிற்கும். வெட்டிவிட்டால், கொடி மீண்டும் முதலிலிருந்து காம்பு உருவாக்க வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது கொடியின் விருப்பம். "இதை உன் மகனிடம் முதல் பூ பூத்தபோதே சொல்லியிருந்தேனே" என்றார்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் படியிலிருந்து அப்படிச் சொன்னான்.

அந்த மாதத் தொடக்கத்தில்தான், பாஸ்கா காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, திராட்சைக் கொடியைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டிருந்தது. கனி தரும் கிளையை இன்னும் மிகுதியாகக் கனி தரும்படி தந்தை கழித்துவிடுகிறார் என்னும் பகுதி. தூணுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டபோது என் கத்தரிக்கோலுக்கு ஒரு சான்று கிடைத்ததாகவே உணர்ந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த திராட்சை விவசாயி ஒருவர் உண்டு. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். பின்னொரு நாள் அவரிடம் கவாத்தைப் பற்றிக் கேட்டேன். திராட்சை பழுப்பது கவாத்துக்குப்பின் புதிதாய்த் துளிர்க்கும் கிளையில். ஆகவே கவாத்து செய்யாவிட்டால் காய்ப்பு இல்லை. "ஆனால் எல்லாக் கொடிக்கும் இதே கணக்கு என்று கத்தியை எடுக்காதீர்கள், சார்" என்று சிரித்தார். எந்தக் கண்ணை விடவேண்டும், எதைக் கழிக்கவேண்டும் என்று கற்றுக்கொள்ளவே தமக்குப் பத்தாண்டுகள் ஆயின என்றும் சொன்னார். நற்செய்தியில் கத்தி தந்தையின் கையில் இருக்கிறது. அவர் தம் கொடியை அறிந்தவர். நானோ தந்தை என்ற சொல் எனக்கும் பொருந்துவதால், கத்தியும் எனக்கு உரியது என்று எண்ணிவிட்டேன்.

மகன் அந்த ஜூன் மாதமே கோவைக்குப் போனான். ஆசிரியர் பயிற்சி முடித்து, அங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். வாரந்தோறும் தாயோடு தொலைபேசியில் பேசுவான். "அப்பாகிட்ட குடு" என்று அவனும் கேட்டதில்லை. நானும் கை நீட்டியதில்லை.

2017இல் கொடி இலையே இல்லாத நீண்ட தண்டுகளை விட்டது. பாம்புக்குட்டி போல் காற்றில் அலைந்து, பிடிக்க ஏதாவது கிடைக்காதா என்று தேடும் வெற்றுத் தண்டுகள். அவற்றையும் நறுக்கிவிட என் கை துடித்தது. என் மனைவி கத்தரிக்கோலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அந்த மொட்டைத் தண்டுகள் முதலில் நீளும். இலை பின்னால் வரும். அந்த ஆண்டின் இறுதியில் அவற்றின் கணுக்களில் இலைகள் விரிந்தன. 2018ஆம் ஆண்டு மே மாதம் அவற்றுள் ஒன்றில் ஒரு புதுக் காம்பு. அதன் நுனியில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள். நான் தொட்டியைத் தொடவில்லை. அருகே நின்று இருமக்கூட அஞ்சினேன்.

பூத்த அன்று மாலை, என் மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். மணம் வீட்டை நிறைத்திருந்தது. நான் தொலைபேசியை எடுத்தேன். அவன் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"பூத்திருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் ஓசையில்லை. "எத்தனை?" என்று கேட்டான்.

"எண்ணல."

"எண்ணிச் சொல்லுங்கப்பா. நான் இருக்கேன்."

விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தொன்பது. ஒருமுறை தவறிவிட்டதால் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணினேன். அவன் காத்திருந்தான்.

இதெல்லாம் ஆகி ஆண்டுகள் கடந்துவிட்டன. 2019இல் அவனுக்குத் திருமணம் ஆயிற்று. பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அந்தக் காம்பு அதன்பின் பலமுறை பூத்துவிட்டது. இப்போது என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். தழும்பு வரிகளை விரலால் தடவினால் எண்ணலாம். வேறு நான்கு காம்புகளும் வந்திருக்கின்றன. வருவோரிடம் நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான். பூ இல்லாத மாதங்களிலும் காட்டுகிறேன். அவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள்.

சென்ற மே மாதம் விடுமுறை முடிந்து புறப்படும் நாளில், தன் வீட்டு மாடியில் வைக்க ஒரு துண்டு வேண்டும் என்று மகன் கேட்டான். கத்தரிக்கோலை அவன் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கணு வருமாறு பார்த்து வெட்டினான். பால் சொட்டியது. ஒரு செய்தித்தாளை நனைத்து வந்து, வெட்டுவாயில் சுற்றத் தொடங்கினான்.

"பூத்த பிறகு குச்சியை வெட்டிடாதே" என்றேன்.

"அத்தை அப்பவே சொன்னாங்களே, அப்பா" என்று சிரித்தான். பிறகு, தாளை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "அன்னைக்கு நீங்க குச்சியைத்தானே சொன்னீங்க."

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவன் எனக்காகவே அதைத் திறந்து வைத்தான் என்று தெரிந்தது. அந்த வழியாகப் போய்விட்டால், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

"இல்லை" என்றேன்.

அவன் கை நின்றது. பேத்தி உள்ளேயிருந்து செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவந்தாள். அவன் தாளின் மேல் நூலைச் சுற்றி, ஒரு முனையை என்னிடம் நீட்டினான். நான் பிடித்துக்கொண்டேன். அவன் முடிச்சுப் போட்டான்.